பதின்மூன்றாவது ஆட்டக்காரன்

அத்தியாயம் 19

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் இரவிச்சந்திரன் நான்கு தடவை கைபேசியை எடுத்துப் பார்த்தார். நான்கு தடவையும் அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். மனைவி சிவமலர் கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

"என்னப்பா, முதுகு குத்துதோ?"

"இல்லை."

"அப்ப ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

ஜன்னலுக்கு வெளியே பார்க் எக்ஸ்டென்ஷன் தெருவோரத்தில் மார்ச் மாதத்துப் பழைய பனி கறுத்துப்போய்க் கரைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டோர்வல் விமான நிலையத்தில் இருபத்துமூன்று வருடமாகப் பயணப்பொதி ஏற்றுகிறவர் அவர். மகன் வினோஜனுக்கும் அங்கேயே நிரந்தர வேலை எடுத்துக் கொடுத்ததும், ஏழாம் மாதம் அவன் வீட்டில் ஒரு சொல்லும் சொல்லாமல் அதை விட்டுவிட்டு ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளனாகச் சேர்ந்ததும், அந்தச் செய்தியை வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் வேறு ஆட்கள் சொல்லித் தகப்பன் கேட்டதும் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். அன்று பின்னேரம் அவர் சொன்னதும் நினைவிருக்கும்.

"இனி என்ர பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு இடத்திலையும் போய் நிக்காதை."

வினோஜன் ஒரு பையோடு நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் அறை பார்த்துப் போனான். அது நவம்பர். ஜனவரியில் தகப்பனின் முதுகு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து மருத்துவ விடுப்பில் வீட்டில் இருக்கிறார்.

மகள் பிரஷாந்தினி தலையைத் துவட்டிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். முப்பது வயது. மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. எண்களைக் கண்டால் விடமாட்டாள்.

"என்னப்பா, றொக்சனிட்டைத் தோக்கிறியளோ?"

"தோத்தால் தோக்கட்டும்."

அவள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

விஷயம் இதுதான். றொக்சன் உட்பட உறவினரும் நண்பர்களுமாக எட்டு அணிகள் சேர்ந்து ஒரு கற்பனைக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறார்கள். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களை ஒவ்வொரு ஒக்டோபரிலும் அணிக்குப் பதின்மூன்று பேராகப் பிரித்துக்கொள்வார்கள். அந்த வீரர் உண்மையான ஆட்டத்தில் எடுப்பது அவரை வைத்திருக்கும் அணிக்குப் புள்ளியாக விழும். பத்துப் பேர் களத்தில், மூன்று பேர் ஓரத்து வாங்குப் பலகையில். இன்றைக்கு யாருக்கு ஆட்டம் உண்டு, யாருக்குக் கால் சுளுக்கு என்று பார்த்து, தினமும் வாங்கில் இருப்பவர்களை ஏற்றி இறக்க வேண்டும். ஏற்றாவிட்டால் அவர்கள் என்ன அடித்தாலும் வீண். பெரிய ஆட்டக்காரன் எல்லோரிடமும் ஒருவன் இருப்பான். ஆனபடியால் வெல்வதும் தோற்பதும் அனேகமாக அந்த மூன்று பேரில்தான்.

இரவிச்சந்திரனும் வினோஜனும் ஆறு வருடமாக ஒரே அணியைச் சேர்ந்து நடத்தினார்கள். அணியின் பக்கத்தில் இன்றைக்கும் இரண்டு பெயரும் உண்டு. மகன் தன் பெயரை எடுக்கவில்லை. தகப்பனும் எடுத்துவிடவில்லை.

"அப்பா! வியாழன், வெள்ளி, சனி, மூண்டு நாளா வாங்கை அப்பிடியே விட்டிருக்கிறியள். நேற்று இவன் பதினொரு ரீபவுண்ட் எடுத்தவன். சும்மா கிடந்து போச்சு. அரையிறுதி நேரத்தில ஏன் மாத்தேல்லை?"

"நான் மாத்திறேல்லை."

"நீங்கள் மாத்தாமல் வேற ஆர் மாத்திறது?"

அவர் தேநீரைத் தள்ளி வைத்தார்.

பிரஷாந்தினி வாங்கு மாற்றங்களின் பட்டியலைத் திறந்தாள். விரலால் கீழே இழுத்தாள். இன்னும் இழுத்தாள். மார்ச், பெப்ரவரி, ஜனவரி, டிசம்பர். வார நாட்களில் பின்னேரம் ஐந்து நாற்பது. சனி ஞாயிறில் மதியம். ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே பெயர்: வினோஜன் இரவிச்சந்திரன்.

"இது தம்பியெல்லோ..."

"ஓம்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். வினோஜன் போன அந்த வாரம், மனம் குழம்பிப்போய் அணியைத் திறந்தே பார்க்கவில்லையாம். நாலாம் நாள் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஏற்றி இறக்கிக் கிடந்ததாம்.

"அண்டையிலயிருந்து ஏத்தி இறக்கிறதில நான் கை வைக்கேல்லை. வேணுமெண்டுதான் விட்டனான். அஞ்சே முக்காலுக்குப் பாப்பன். பேர் மாறியிருக்கும். சரி, பெடியன் வேலை முடிஞ்சு வந்திட்டான், சுகமா இருக்கிறான் எண்டு நினைப்பன்." மகளின் கையில் இருந்த கைபேசியைப் பார்த்தார். "மூண்டு நாளா மாறேல்லை."

அடுப்படியில் நின்ற சிவமலர் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நாலு மாசமா உங்களுக்கு அவன்ர சுகம் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"உமக்கு என்னெண்டு சொல்லுறது? பந்தாட்டத்தில பேர் மாறினது எண்டோ?"

"ஓம், அதைத்தான் சொல்லியிருக்கோணும். நான் பேந்து ஏன் ஒவ்வொரு வியாழனும் நீங்கள் முதுகுப் பயிற்சிக்குப் போன உடன ஒளிச்சிருந்து அவனுக்குப் போன் பண்ணுறன்?"

இரவிச்சந்திரன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். சிவமலரும் கண்ணை எடுக்கவில்லை. இருவருக்கும் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. அவள் கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் இருந்துகொண்டாள்.

"இந்த வியாழன் வடிவாக் கதைக்கேல்லையப்பா. சாப்பிட்டனான் எண்டான். பேந்து, 'கடைசியில அப்பா என்னை வெட்டிப்போட்டாரம்மா' எண்டான். நீங்கள் இவ்வளவு நாளும் வீட்டோடதானே கிடக்கிறியள், என்ன வெட்டு எண்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. கேக்க முதல் வைச்சிட்டான்."

பிரஷாந்தினியின் கையில் இருந்த கைபேசி மெல்லத் தாழ்ந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது.

புதன்கிழமை பின்னேரம் இதே மேசையில்தான். அரையிறுதிக்கு ஆட்களைப் பார்த்துத் தாவென்று தகப்பன் கேட்டார். அவள் வாங்கில் இருந்த மூன்று பேரையும் கொப்பியில் எழுதி வைத்து அலசினாள். முதலாமவன் ரீபவுண்ட் எடுப்பான், ஃப்ரீ துரோ விழாது, ஆனாலும் வைத்திருக்கலாம். இரண்டாமவன் அவனுடைய அணியில் யாருக்காவது காயம் வந்தால்தான் ஆடுவான், இப்போது வந்திருக்கிறது. மூன்றாமவன் பதின்மூன்றாம் இடத்தில் கடைசியாக எடுத்த ஒரு மெலிந்த ஆட்டக்காரன். தகப்பன் அவனை ஒல்லியன் என்றுதான் சொல்லுவார்.

"இவன் பதினாலு நிமிசம்தான் நிக்கிறான் அப்பா. இந்தக் கிழமை ரெண்டே ரெண்டு ஆட்டம். மற்றவைக்கு நாலு. இவனை வைச்சு என்ன செய்யப்போறியள்?"

"பதினாலு நிமிசம் நிண்டாலும் ரெண்டு பந்து பறிப்பான் பிள்ளை. பிழை விடமாட்டான்."

"அது காணாது."

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "நீ படிச்சனி, சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி 'நீக்கு' என்ற இடத்தை அழுத்தினார்.

ஒல்லியனை ஒக்டோபரில் தேடி எடுத்தவன் வினோஜன். 'கடைசி மட்டும் இவனை விடாதேங்கோ அப்பா' என்று சொன்னவனும் அவன்தான். நவம்பருக்குப் பிறகு தகப்பன் எத்தனையோ பேரை வெட்டினார், எடுத்தார். ஒல்லியனை மட்டும் தொடவில்லை. அங்கே அவன் இருக்கும்வரை தனக்கும் இடம் இருக்கிறது என்று ஒருத்தன் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் அப்பா," என்றாள் பிரஷாந்தினி. "நான் கணக்கை மட்டும்தான் பாத்தனான்."

இரவிச்சந்திரன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"காரை எடு பிள்ளை."

"உங்களால இருக்கேலாதப்பா. படி வேற."

"எடு எண்டெல்லோ சொல்லுறன்."

முதுகுப் பட்டியோடு அவரால் குனிய முடியாது. சிவமலர் கீழே உட்கார்ந்து அவருடைய பனிச் சப்பாத்தைக் காலில் மாட்டி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"கோபமாக் கதையாதேங்கோ."

"எனக்கு இப்ப ஆரோட கோபம்?"

"கதையாமலும் இருந்திடாதேங்கோ," என்றாள் அவள்.

காரில் ஏறியதுமே பிரஷாந்தினி றொக்சனை அழைத்தாள். அவளுடைய மாமன் மகன். இந்த வார எதிரணி அவனுடையது.

"டேய், ஒல்லியனை நீயோ எடுத்தனி? திருப்பி விடு."

"மச்சாள், காலமையே வெருட்டிறியள்." ஒலிபெருக்கியில் அவன் கொட்டாவி விடுவதும் கேட்டது. "என்னெண்டு விடுறது? நேற்று அவன்ர ரீமில முதல் ஆளுக்குக் கால் பிசகிப்போச்சு. இவன் முப்பது நிமிசம் நிண்டு பதினெட்டு அடிச்சவன். நான் விட்டாலும் ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் எடுக்கேலாது. அணிக்கு அணி ஆளை மாத்திற திகதியும் முடிஞ்சுது."

"பதினெட்டோ?" என்றார் பின்னிருக்கையில் சாய்ந்து கிடந்த இரவிச்சந்திரன். வலியிலும் அவருடைய குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. "தம்பி அப்பவே சொன்னவன், இவனுக்கு நேரம் குடுத்தால் அடிப்பானெண்டு."

"மாமாவும் இருக்கிறாரோ? மாமா, மன்னியுங்கோ, அரையிறுதியெல்லோ..."

"நீ வைச்சிரு தம்பி. நீ செய்தது சரி."

பிரஷாந்தினி போனை வைத்தாள். ஒல்லியனைத் திருப்பி எடுத்து, அணியில் போட்டு, வினோஜன் கண்ணில் படவைத்து, ஒருவரும் வாய் திறக்காமல் காரியத்தை முடிக்கலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த வழி அடைபட்டுவிட்டது.

"என்ன சொல்லப்போறியள் அப்பா?"

"தெரியேல்லை."

வினோஜன் இருந்த வீட்டுக்கு வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. உப்புத் தூவியிருந்தும் இரண்டொரு படியில் பனிக்கட்டி மினுங்கியது. இரவிச்சந்திரன் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி, நின்று, மூச்சு எடுத்து ஏறினார். உள்ளே இன்னொரு மாடி. மேலே போய்ச் சேரக் கால்மணித்தியாலம் பிடித்தது.

கதவைத் திறந்தவன் வேலைக்குப் போகத் தயாராக நின்றான். இளநீலச் சீருடை, கழுத்தில் தொங்கும் அட்டை. நாலு மாதத்தில் தாடி விட்டிருந்தான்.

"அப்பா!" அவன் தமக்கையைப் பார்த்தான், திரும்பத் தகப்பனைப் பார்த்தான். "உள்ளுக்கு வாங்கோ."

"இதில நிண்டு சொல்லிப்போட்டு வாறன்," என்றார் இரவிச்சந்திரன். ஒரு கை கதவு நிலையில் இருந்தது. "ஒல்லியனை வெட்டினது..."

"நான்தானடா சொன்னனான்," என்று பிரஷாந்தினி முந்தினாள். "எனக்கு ஒண்டும் தெரியாது, எத்தினை ஆட்டம் எண்டு மட்டும்தான் பாத்தனான்..."

"நீ கொஞ்சம் பேசாமல் இரு பிள்ளை. அவள் சொன்னவள்தான். அமத்தினது என்ர விரல். றொக்சன் திருப்பித் தரமாட்டானாம். சரி, போகட்டும். அவன் பந்தடிக்கிற ஒருத்தன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "நவம்பரில நான் சொன்ன கதை இருக்கெல்லே தம்பி, அது எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நானாச் சொன்னது. அது பிழை."

வினோஜன் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நானும் முதல்ல உங்களிட்டைத்தான் சொல்லியிருக்கோணும். பயத்தில சொல்லேல்லை. நீங்கள் ஆக்களிட்டைக் கேட்டுக் கூனிப்போய் நிண்டிருப்பியள் எண்டு பிறகுதான் நினைச்சனான்."

"இதிலை என்ன எழுதிக் கிடக்கு?" தகப்பன் அட்டையைக் காட்டினார்.

"என்ர பேர்தான். முதல்ல என்ர, பிறகு உங்கட."

"நல்லது. அப்பிடியே இருக்கட்டும். எங்க போய் நிண்டாலும் சொல்லு."

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டக் காலை எடுத்து வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்தது. முதுகு பூட்டிக்கொண்டது.

பிரஷாந்தினி பதறி ஓடி வருமுன் வினோஜன் அவருக்கு முன்னால் வந்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து நின்றான்.

"என்னை நீங்கள் பிடியாதேங்கோ. நான் பிடிக்கிறன். பாரத்தை என்ர தோளில விடுங்கோ... இல்லையப்பா, நீங்கள் இன்னும் தாங்கிக்கொண்டு நிக்கிறியள். விடுங்கோ. ஓம், அப்பிடித்தான். மூச்சை விடுங்கோ."

இத்தனை வருடம் ஊராரின் பெட்டிகளைத் தூக்கிப் பழகியவருக்குத் தன்னுடைய பாரத்தை விடத் தெரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது விட்டார். மகன் அவரைச் சிறு சிறு அடியாகப் பின்னுக்கு நடத்திக் கம்பளத்தில் பக்கவாட்டாக இருத்தி, படுக்கவைத்து, திருப்பி, இரண்டு கெண்டைக்காலையும் தூக்கிக் கதிரையில் வைத்தான். ஒரு இடத்திலும் அவருக்கு நோகவில்லை. அந்த அறையில் இருந்தது அந்த ஒரு கதிரைதான்.

பூட்டு மெல்ல விட்டது. இரவிச்சந்திரன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தினை பேரைத் தூக்குவாய்?"

"பன்ரண்டு பேர். தூக்கிறேல்லையப்பா. அவையளை எழும்பப் பண்ணுறது. ஏலுமானதை அவையளே செய்யோணும், மிச்சத்துக்குத்தான் நாங்கள்."

"ம்." கதிரையில் கிடந்த காலை மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல கை," என்றார்.

வினோஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. தகப்பனின் தலைமாட்டில் சம்மணம் கட்டி இருந்து கைபேசியைத் திறந்தான்.

"இன்னும் பத்து நிமிசத்தில நான் வெளிக்கிடோணும். முதல் ஆட்டம் மூண்டரைக்கு. எவ்வளவு பின்னுக்கு நிக்கிறம்?"

"நாப்பத்தொண்டு," என்றாள் பிரஷாந்தினி.

"ஒல்லியனுக்குப் பதிலா எடுத்தவன் எப்பிடி அக்கா?"

"இண்டைக்கு ஆட்டம் இருக்கு. மூண்டு புள்ளி எறியிறதில கெட்டிக்காரன். ஆனா பந்தை ஒருத்தருக்கும் குடான்."

"குடாட்டில் பரவாயில்லை. இப்ப எங்களுக்குப் புள்ளிதான் வேணும். அவனை ஏத்துவம். ரீபவுண்ட்காரனும் போகட்டும். மற்றவன்?"

இருவரும் தகப்பனைப் பார்த்தார்கள். அவர் படுத்தபடி யோசித்தார்.

"அவன்ர ரீமில ஆரும் காயமோ?"

"ரெண்டு பேர்."

"அப்ப அவனும் போகட்டும். மூண்டு பேரையும் ஏத்து. வாங்கில ஒருத்தரும் சும்மா இருக்க வேண்டாம்."

வினோஜன் ஏற்றினான். மேலங்கியைப் போட்டுக்கொண்டு, "எட்டு மணிக்கு வருவன். அதுமட்டும் இவரைப் படி இறங்க விடாதை அக்கா," என்றான். கதவைத் திறந்தவன், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான்.

"அப்பா, இன்னொரு விசயமும் இருக்கு."

"சொல்லு."

அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். தெருவில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது.

"வந்து சொல்லுறன்," என்று விழுந்தடித்துப் படியிறங்கினான்.

பிரஷாந்தினி தாய்க்குப் போன் செய்தாள். அப்பா தம்பி வீட்டில் நிலத்தில் படுத்திருக்கிறார், இன்றைக்கு இறங்க முடியாது என்று அவள் சொன்னதும் மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"கதைச்சவையோ?" என்று கேட்டாள் சிவமலர்.

"கதைச்சவை அம்மா."

"எந்த பஸ் எண்டு சொல்லு. நான் வாறன்."

இரவிச்சந்திரன் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நாளாகத் தூங்காத மனிதர், மகனுடைய கம்பளத்தில், காலைக் கதிரையில் வைத்தபடி மெல்லிய குறட்டை விடத் தொடங்கினார்.

இரண்டு மணி இருக்கும். வாசல் கதவில் திறப்புப் போட்டுத் திருப்பும் சத்தம். பிரஷாந்தினி திரும்பிப் பார்த்தாள். தம்பி எதையோ மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வருகிறானோ?

"வினோ, இன்னும் கெளம்பலியா நீ? லைட்டு எரியுதே..."

சென்னைத் தமிழ். முதுகில் பையும் கையில் மரக்கறிப் பொதியுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. நிலத்தில் கிடந்தவரைக் கண்டு அப்படியே நின்றாள். பொதியிலிருந்து ஒரு தக்காளி உருண்டு கம்பளத்தில் விழுந்தது.

இரவிச்சந்திரன் விழித்துக்கொண்டார். எழும்ப முயன்றார்.

"ஐயோ அங்கிள், எந்திரிக்காதீங்க!" அவள் பொதியைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். "நீங்க வினோவோட அப்பா. தெரியும், ஃபோட்டோ பாத்திருக்கேன். நான் ஹம்சினி." பிரஷாந்தினியைப் பார்த்தாள், திரும்ப அவரைப் பார்த்தாள். முகம் சிவந்தது. "நாங்க ரெண்டு பேரும்... அவன் எதுவுமே சொல்லலியா?"

இதையும் தகப்பன் வேற்று ஆள் வாயால்தான் கேட்கிறார். நவம்பர் மாதத்துச் சாப்பாட்டு அறை பிரஷாந்தினியின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இரவிச்சந்திரன் படுத்தபடியே சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார்.

"சொல்ல வந்தவன் பிள்ளை," என்றார். "பஸ் வந்திட்டுது."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"இருங்கோ," என்று அவர் கையைக் காட்டினார். "கதிரையில என்ர கால் கிடக்கு. குறை நினையாதேங்கோ."

ஹம்சினி அவர் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தாள். யாரும் அடுத்த சொல்லைச் சொல்லுமுன் கீழ்வாசல் மணி அடித்தது. ஒரு தடவை, பொறுமையில்லாமல் இன்னொரு தடவை.

"அம்மா," என்றாள் பிரஷாந்தினி.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹம்சினி எழும்பிக் குளியலறைக்குள் போகப் பார்த்தாள். இரவிச்சந்திரன் அவளுடைய கையைத் தட்டி இருக்கச் சொன்னார்.

"நீ போய்த் திற பிள்ளை," என்றார் மகளிடம். "நான் கதைக்கிறன்."